ரத்தத்திலுள்ள மரபணுக் குறிகள்: மாரடைப்பு வருமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

தந்தைக்கோ அண்ணனுக்கோ இளம் வயதிலேயே மாரடைப்பு வந்துவிட்ட குடும்பத்தில் பிறந்தவர், தமக்கு எந்தக் குறையும் தெரியாத நாளிலும் மருத்துவரிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எனக்கும் வருமா?" ஒரு குழாய் ரத்தத்தை எடுத்து, அதிலுள்ள மரபணுக்களைப் படித்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை கடந்த இருபது ஆண்டுகளில் வலுத்திருக்கிறது. அந்த நம்பிக்கையில் உண்மை உண்டு. ஆனால் மரபணுப் பரிசோதனை என்ற ஒரே பெயருக்குள், வேலை செய்யும் விதத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல பரிசோதனைகள் அடங்கியிருக்கின்றன. எது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் முடிவுத்தாளைக் கையில் வாங்குபவருக்குக் குழப்பமே மிஞ்சும்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்லிவிடலாம். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் அழற்சி உயிரணுக்களும் சேர்ந்து படிவுகளாக வளர்கின்றன. இது ஒரு நாளில் நடப்பதன்று. இளமையிலேயே தொடங்கி, பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் நடந்து, ஒருநாள் ஒரு படிவு கிழிந்து அதன்மேல் ரத்தம் உறைந்து தமனியை அடைக்கும்போதுதான் மாரடைப்பாக வெளிப்படுகிறது. இந்த நீண்ட இடைவெளிதான் முன்கணிப்புக்கு இடம் தருகிறது. வரப்போகும் நோயைத் தடுக்க அவகாசம் இருப்பதால்தான் அது யாருக்கு வரும் என்று முன்னதாகவே தெரிந்துகொள்வதில் பயன் இருக்கிறது.

மரபணு இல்லாமலும் இந்தக் கணிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-இல் 5,209 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு, அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, புகைபிடித்தல், நீரிழிவு ஆகியவை மாரடைப்போடு எப்படிச் சேர்ந்து வருகின்றன என்பதைக் காட்டியது. அந்த வழியில் வந்த கணக்கீடுகளைத்தான் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வயது, பாலினம், ரத்த அழுத்தம், கொழுப்பு முதலியவற்றைக் கொடுத்தால் அடுத்த 10 ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு சதவீதமாகக் கிடைக்கும். இவற்றின் பலவீனம் வயதுதான். முப்பது வயதுக்காரர் எவராக இருந்தாலும் கணக்கு பெரும்பாலும் "குறைவு" என்றே சொல்லும். அறுபத்தைந்தைத் தாண்டிய ஆணுக்கு வேறு குறையே இல்லாவிட்டாலும் எண் ஏறிவிடும். ரத்த அழுத்தமும் கொழுப்பும் கெட்டுப்போன பிறகே கணக்கில் தெரியும் என்பதும் ஒரு குறை. மரபணுவோ பிறந்த நாளிலேயே எழுதி முடிக்கப்பட்டிருக்கிறது. ஆய்வாளர்கள் அதை நாடியதற்கு இதுவே காரணம்.

குடும்பத்தில் ஓடும் நோய் என்பது வெறும் பேச்சு வழக்கன்று என்பதைச் சுவீடனின் இரட்டையர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, 1994-இல் வெளியிடப்பட்ட ஆய்வு அழகாகக் காட்டியது. இரட்டையரான ஆண்களில் ஒருவர் 55 வயதுக்கு முன்பே இதயத் தமனி நோயால் இறந்திருந்தால், மற்றவர் அதே நோயால் இறக்கும் வாய்ப்பு, ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்தவர்களிடம் ஏறத்தாழ எட்டு மடங்காகவும், தனித்தனிக் கருமுட்டையிலிருந்து பிறந்தவர்களிடம் ஏறத்தாழ நான்கு மடங்காகவும் இருந்தது. இரு வகையினருமே ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டு வளர்ந்தவர்கள்தாம். ஆகவே இடையிலுள்ள வித்தியாசத்தின் பெரும்பங்கு மரபணுவுக்கே சேர வேண்டும்.

குழாயில் இருப்பது என்ன

ரத்தம் என்றதும் சிவப்பணுக்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. உட்கரு இல்லாததால் அதில் படிக்க டி.என்.ஏ.வும் இல்லை. பரிசோதனைக்கு வேண்டியவை வெள்ளணுக்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் பூசிய, பெரும்பாலும் ஊதா நிற மூடி கொண்ட குழாயில் சில மில்லிலிட்டர் ரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால், அடியில் சிவப்பணுக்கள் படியும், மேலே மஞ்சள் நிறப் பிளாஸ்மா தெளியும், இரண்டுக்கும் நடுவில் பால் ஆடை போல மெல்லிய வெளிறிய படலம் ஒன்று நிற்கும். அந்தப் படலத்தில்தான் வெள்ளணுக்கள் இருக்கின்றன. அவற்றை உடைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். பிறப்பிலேயே வந்த மாறுபாடுகளை மட்டும் பார்ப்பதானால் எச்சிலும் போதும், ஏனெனில் அவை உடலின் எல்லா உயிரணுக்களிலும் ஒன்றாகவே இருக்கும்.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து பெறும் மரபுத்தொகையின் நீளம் சுமார் 300 கோடி எழுத்துகள். தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என 23 இணைக் குரோமோசோம்களில் அது பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துகளின் அரிச்சுவடி மிகச் சிறியது; ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துகள். மனிதர்களை ஒப்பிட்டால் 99.9 சதவீதம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனாலும் எஞ்சியதே சிறியதன்று. ஒப்பீட்டுக்கென்று வைத்திருக்கும் மாதிரி மரபுத்தொகையிலிருந்து ஒவ்வொருவரும் 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறோம். இந்த வேறுபாடுகளில், நோயோடு சேர்ந்து காணப்படுவதாகப் பெருந்திரள் ஆய்வுகளில் உறுதியானவற்றை மரபணுக் குறிகள் என்கிறோம். குறி என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். அது நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், காரணத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பதாகவும் இருக்கலாம்.

300 கோடி எழுத்துகளையும் படிப்பது இன்று சாத்தியமே என்றாலும், இடர் கணிப்புக்குப் பெரும்பாலும் பயன்படுவது சிப் முறை. விரல் நகத்தளவு தகட்டில் முன்பே தேர்ந்தெடுத்த சில லட்சம் இடங்களை மட்டும் படித்துவிட்டு, இடையில் விடுபட்டவற்றைக் கணினி நிரப்புகிறது. இது ஊகம்தான், ஆனால் குருட்டு ஊகமன்று. அருகருகே இருக்கும் எழுத்துகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே கடத்தப்படுவதால் ஒன்றைக் கண்டால் அடுத்ததைச் சொல்லிவிடலாம். "ஆற்றில் போட்டாலும் ... போடு" என்று ஒரு தாளில் நடுச்சொல் அழிந்திருந்தால், "அளந்து" என்று நம்மால் நிரப்ப முடிகிறதல்லவா? எத்தனையோ முறை கேட்ட தொடர் என்பதால் முடிகிறது. கேட்டிராத பழமொழியில் இது பலிக்காது. அதேபோல ஒரு குடும்பத்துக்கே உரிய அரிய மாறுபாட்டை இந்த முறை தவறவிட்டுவிடும். இந்தக் குறைபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது.

ஒரே மரபணு, பெரிய விளைவு

முதல் வகைப் பரிசோதனை ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட பழுதைத் தேடுவது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு குடும்பவழி மிகைக் கொழுப்பு நோய். கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்புத் துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பு அகற்றப்படுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காக மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பியை உருவாக்கும் எல்.டி.எல்.ஆர். மரபணு பழுதானாலும், எல்.டி.எல். துகளில் ஏற்பி பற்றிக்கொள்ளும் பகுதியை உருவாக்கும் ஏ.பி.ஓ.பி. மரபணு பழுதானாலும், ஏற்பிகளை அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் அளவுக்கு மீறி வேலை செய்தாலும் முடிவு ஒன்றே: கொழுப்பு ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

இந்நோய் அரிதானது என்று பலர் எண்ணுகிறார்கள். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாக இருக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதியைப் பெற்றவர்கள்தான் மிக அரிது. அவர்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே கூட இதயத் தமனிகள் அடைபடலாம். சிகிச்சை எடுக்காத பெரியவர் ஒருவரின் எல்.டி.எல். அளவு ஒரு டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டினாலோ, குதிகால் நாணில் கொழுப்புக் கட்டிகள் தென்பட்டாலோ மருத்துவர்கள் இந்த நோயைச் சந்தேகிப்பார்கள்.

"கொழுப்பை அளந்தாலே தெரிந்துவிடுமே, மரபணுவை ஏன் பார்க்க வேண்டும்?" என்று கேட்பது நியாயமானதே. 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதற்கு விடை தந்தது. எல்.டி.எல். 130-க்குக் கீழே இருந்து, பழுதான மரபணுவும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டபோது, எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தும் மரபணுப் பழுது இல்லாதவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்காக இருந்தது. அதே 190-க்கு மேல் இருந்து பழுதும் இருந்தவர்களுக்கோ சுமார் 22 மடங்கு. இருவர் கையிலும் உள்ள ஆய்வகத் தாளில் ஒரே எண்தான் இருக்கும். ஆனால் ஒருவருக்கு அந்த எண் நடுவயதில் ஏறியது, மற்றவருக்குத் தொட்டிலிலேயே தொடங்கியது. தமனிச் சுவர் இன்றைய அளவை மட்டும் தாங்கவில்லை, இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்த மொத்தச் சுமையையும் தாங்கியிருக்கிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: 190-ஐத் தாண்டியவர்களிலும் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே இந்தப் பழுது இருந்தது. ஆகவே கொழுப்பு ஏறிய எல்லாரையும் மரபணு நோயாளி என்று நினைப்பதும் தவறு.

இந்த வகைப் பரிசோதனையின் மிகப் பெரிய பயன் பரிசோதித்துக்கொண்டவருக்கு மட்டும் உரியதன்று. ஒருவரிடம் பழுது உறுதியானால், அவருடைய உடன்பிறந்தார், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. எந்த எழுத்தில் பிழை என்று தெரிந்துவிட்டதால் அவர்களிடம் அந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே போதும். ஒருவரிலிருந்து அடுத்தவருக்கு என்று குடும்பம் முழுவதும் இப்படித் தொடர்ந்து சென்றால், இன்னும் தமனி கெடாத இளையவர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தமனி கெடுவதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்குகிறது. மரபணுவைப் படித்து இதய நோயைத் தடுப்பது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பின்னால் சொல்லப்போகும் நவீனக் கணக்குகள் எவையும் இந்த அளவு தெளிவான பயனை இன்னும் தரவில்லை.

மேலே சொன்ன பி.சி.எஸ்.கே.9 மரபணுவின் கதை இதன் மறுபக்கம். 2003-இல், அது மிகையாக வேலை செய்யும் பிரெஞ்சுக் குடும்பங்களில் கொழுப்பு ஏறியிருப்பது தெரிந்தது. அப்படியானால் அது வேலை செய்யாதவர்களுக்கு என்ன ஆகும்? 2006-இல் அமெரிக்க ஆய்வொன்றில், இம்மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்த கறுப்பின மக்களிடம் எல்.டி.எல். 28 சதவீதம் குறைவாகவும், இதயத் தமனி நோய் 88 சதவீதம் குறைவாகவும் இருப்பது தெரியவந்தது. கொழுப்பு கால்பங்கு குறைந்ததற்கு நோய் இவ்வளவு குறைந்ததா என்று வியப்பாக இருக்கலாம். பிறந்தது முதலே குறைவாக இருந்ததன் பலன் அது. இந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015-இல் அங்கீகாரம் பெற்றன.

பல லட்சம் குறிகள், சின்னச் சின்ன விளைவுகள்

மாரடைப்பு வந்தவர்களில் பெரும்பாலோரிடம் இப்படி ஒற்றைப் பழுது எதுவும் இருக்காது. அவர்களுடைய மரபுச் சுமை, ஒவ்வொன்றும் துளியளவே பாதிக்கும் பல மாறுபாடுகள் சேர்ந்து உருவானது. இவற்றைக் கண்டுபிடிக்க, நோய் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கானோரையும் இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கானோரையும் எடுத்து, லட்சக்கணக்கான இடங்களில் எந்த எழுத்து எந்தக் கூட்டத்தில் சற்றே கூடுதலாக இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். 2007-இல் இப்படிச் சிக்கிய முதல் பெரிய குறி, ஒன்பதாவது குரோமோசோமின் குட்டைக் கையில் 9பி21 என்று பெயரிடப்பட்ட பகுதியில் இருந்தது. வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்தில் வந்து நின்றன. இடருக்குரிய எழுத்தின் ஒவ்வொரு பிரதியும் நோயின் வாய்ப்பைச் சுமார் கால் பங்கு கூட்டியது. விசித்திரம் என்னவென்றால், அந்த இடத்தில் புரதம் எதையும் உருவாக்கும் மரபணு இல்லை. ரத்தக் கொழுப்போடும் ரத்த அழுத்தத்தோடும் அதற்குத் தொடர்பும் இல்லை. இன்று இப்படிப்பட்ட இடங்கள் 200-க்கும் மேல் தெரிந்திருக்கின்றன.

இவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. கூட்டித்தான் பார்க்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகைக்குப் பெயர் பல்மரபணு இடர் மதிப்பெண். கணக்கு எளியது. ஒவ்வோர் இடத்திலும் இடருக்குரிய எழுத்து ஒருவரிடம் 0, 1, 2 என எத்தனை பிரதிகளாக இருக்கிறது என்று எண்ணி, அந்த இடத்துக்கு ஆய்வுகள் கொடுத்த எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிவிடுகிறார்கள். விளக்கத்துக்காக மூன்றே இடங்களை வைத்துக்கொள்வோம். முதல் இடத்தின் எடை 0.2, ஒருவரிடம் இரண்டு பிரதிகள் இருந்தால் 0.4, இரண்டாவதன் எடை 0.1, ஒரு பிரதி இருந்தால் 0.1; மூன்றாவதில் இடர் எழுத்தே இல்லை, ஆகவே சுழி. மொத்தம் 0.5. இந்த 0.5 தனியாக எதையும் சொல்லாது. ஒரு பெருந்திரளின் மதிப்பெண்களைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக நிறுத்தி, அதில் இவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்த பிறகே, "நூற்றில் 92-ஆவது இடம்" என்பது போன்ற பொருள் அதற்கு வருகிறது.

தொடக்கத்தில் இந்த மதிப்பெண்கள் ஏமாற்றமே தந்தன. 101 குறிகளைச் சேர்த்து, ஆரோக்கியமாக இருந்த 19,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்து 2010-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கணக்கோடு அந்த மதிப்பெண்ணைச் சேர்த்ததால் கணிப்பு மேம்படவில்லை. அதே பெண்களிடம், குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்ததா என்ற சாதாரணக் கேள்விக்கே நோயோடு தொடர்பு இருந்தது. பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரின் மரபணுத் தரவும் மருத்துவப் பதிவுகளும் யூகே பயோபேங்க் என்ற திட்டத்தில் சேர்ந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2018-இல், உறுதியான குறிகளோடு நில்லாமல் 66 லட்சம் இடங்களைச் சேர்த்து உருவாக்கிய மதிப்பெண், மக்கள்தொகையில் 8 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய் வாய்ப்பு மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருப்பதைப் பிரித்துக் காட்டியது. இவர்களில் பலரது ரத்தக் கொழுப்பைப் பார்த்து யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று மடங்கு என்ற சொல்லில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். எதன் மூன்று மடங்கு என்று கேட்காமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. ஓர் இளைஞருக்கு அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், மூன்று மடங்கு என்பது நூற்றுக்கு மூன்று. அவரைப் போன்ற 97 பேருக்கு அந்தக் காலத்தில் எதுவும் நடக்காது. அடிப்படை வாய்ப்பு நூற்றுக்குப் பத்தாக உள்ள முதியவருக்கு அதே மூன்று மடங்கு முப்பதாகிவிடும். ஆகவே முடிவுத்தாளில் மடங்கு மட்டும் அச்சாகியிருந்தால், அதை அவரவர் வயதுக்குரிய சதவீதமாக மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வழக்கமான கணக்கோடு மரபணு மதிப்பெண்ணைச் சேர்த்தால் எவ்வளவு கூடுதல் துல்லியம் கிடைக்கிறது? நோய் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் இணையாக நிறுத்தி, கணக்கு யாருக்கு அதிக எண் கொடுக்கிறது என்று பார்ப்பது இதற்கான அளவுகோல்களில் ஒன்று. நாணயம் சுண்டினாலே 100 இணைகளில் 50 சரியாக வந்துவிடும். 2020-இல் யூகே பயோபேங்க் தரவைக் கொண்டு செய்த ஒப்பீட்டில் மரபணு மதிப்பெண் மட்டும் 61 இணைகளைச் சரியாகச் சொன்னது, வழக்கமான கணக்கு 76 இணைகளைச் சொன்னது, இரண்டையும் சேர்த்தபோது 78. நடுவயதினரின் கூட்டத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டால் ஆதாயம் இந்தச் சிறு அளவுதான். 8 சதவீதம் பேருக்கு மூன்று மடங்கு என்பதும் உண்மை, மொத்தத் துல்லியம் சற்றே கூடுகிறது என்பதும் உண்மை. விளம்பரம் எழுதுபவர் முதலாவதைச் சொல்வார், எதிர்ப்பவர் இரண்டாவதைச் சொல்வார். வயதும் ரத்த அழுத்தமும் இன்னும் பேசத் தொடங்காத இளையவர்களிடமும், வரிசையின் மேல் கோடியில் நிற்பவர்களிடமும், மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்ற எல்லைக்கோட்டில் இருப்பவர்களிடமும் இந்த மதிப்பெண் பயன்படும் என்பது என் கருத்து. மற்றவர்களிடம் அது புதிதாகச் சொல்வது குறைவு.

மதிப்பெண் அதிகம் என்றால் விதி முடிந்தது என்று பொருளில்லை. 2016-இல் வெளியான இன்னோர் ஆய்வு, மரபணு இடர் அதிகமுள்ளவர்களை வாழ்க்கைமுறையால் பிரித்துப் பார்த்தது. புகைக்காமை, உடல்பருமன் இன்மை, முறையான உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் மூன்றையாவது கடைப்பிடித்தவர்களுக்கு, ஒன்றும் கடைப்பிடிக்காதவர்களையும் ஒன்றோடு நின்றுவிட்டவர்களையும் விட நோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. மதிப்பெண் குறைவாக இருந்தவர்களிலும் கெட்ட பழக்கம் உள்ளவர்களுக்கு நோய் கூடுதலாகவே வந்தது.

இந்த மதிப்பெண்களின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. எடைகளைக் கணித்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். முன்பு சொன்ன பழமொழி உவமை இங்கும் பொருந்தும்: எந்த எழுத்துகள் சேர்ந்து பயணிக்கின்றன என்பது மக்கள் கூட்டத்துக்குக் கூட்டம் மாறுகிறது. ஒரு கூட்டத்தில் உண்மையான காரணத்தோடு ஒட்டி நின்ற குறி, வேறொரு கூட்டத்தில் அதைவிட்டு விலகி நிற்கலாம். அதனால் ஐரோப்பியத் தரவில் உருவான மதிப்பெண் ஆப்பிரிக்க, தெற்காசிய வம்சாவளியினரிடம் துல்லியம் குறைகிறது; குறிப்பாக ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் வீழ்ச்சி அதிகம். பல வம்சாவளிகளின் தரவையும் சேர்த்து உருவாக்கும் புதிய மதிப்பெண்கள் இந்த இடைவெளியைக் குறைத்திருக்கின்றன, இன்னும் அடைக்கவில்லை.

மரபணுவைப் படிக்காமலே மரபணுவை அறிவது

ரத்தத்தில் எல்.டி.எல்.லைப் போன்றே ஒரு துகளின்மேல் கூடுதலாக ஒரு புரத வால் ஒட்டியிருக்கும் வகை ஒன்று உண்டு. லிப்போபுரோட்டீன் சின்ன ஏ என்று அதைச் சொல்வார்கள். நார்வே நாட்டு அறிஞர் கோரே பெர்க் 1963-இல் இதைக் கண்டறிந்தார். ஆறாவது குரோமோசோமிலுள்ள எல்.பி.ஏ. என்ற மரபணுவில் ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். குறைந்த முறை வந்தால் புரதம் சிறியதாகிறது, சிறிய புரதத்தைக் கல்லீரல் எளிதாகவும் அதிகமாகவும் வெளியே அனுப்புகிறது. இதனால் ரத்தத்தில் இதன் அளவு ஏறக்குறைய முழுக்க முழுக்கப் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. உணவும் உடற்பயிற்சியும் அதைப் பெரிதாக அசைப்பதில்லை, ஸ்டேட்டினும் குறைப்பதில்லை.

ஆகவே சாதாரண ஆய்வகத்தில் இந்தப் புரதத்தை ஒருமுறை அளந்தாலே அந்த மரபணு என்ன சொல்கிறது என்பது தெரிந்துவிடும். சிப்பும் வேண்டாம், வம்சாவளிக் கணக்கும் வேண்டாம். ஒரு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் அல்லது ஒரு லிட்டருக்கு 125 நானோமோலுக்கு மேல் இருந்தால் அதிகம் என்று கொள்கிறார்கள். உலகில் ஐந்தில் ஒருவருக்கு இந்த அளவு அதிகமாக இருக்கிறது. துகளின் பருமன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் ஒரு அலகை இன்னொன்றாக நேரடியாகப் பெருக்கி மாற்றக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அளவு அதிகமென்று தெரிந்தவருக்கு எல்.டி.எல்., ரத்த அழுத்தம் போன்ற மாற்றக்கூடிய மற்றவற்றை இன்னும் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைப்பதே இப்போதைய வழி. இவ்வளவு எளிய பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை கூடச் செய்துகொள்ளாதவர்கள்தாம் பெரும்பான்மையினர்.

இங்கே குறி, காரணம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்குத் திரும்ப வேண்டும். எச்.டி.எல். என்ற இன்னொரு வகைக் கொழுப்புத் துகள் அதிகமாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அதனால் அதற்கு நல்ல கொழுப்பு என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஆனால் எச்.டி.எல்.லை மட்டும் உயர்த்தும் ஒரு மரபணு மாறுபாட்டைப் பிறப்பிலேயே பெற்றவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை என்று 2012-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எச்.டி.எல். நல்ல குறியாக இருக்கலாம்; அதை உயர்த்தினால் நோய் குறையும் என்பதற்கு அது சான்றாகாது.

ரத்தத்திலேயே பிறக்கும் மாற்றங்கள்

இதுவரை பார்த்தவை பிறப்பிலேயே வந்தவை. வயதாக ஆக ரத்தத்தில் மட்டும் புதிதாகத் தோன்றும் மாற்றங்களும் உண்டு, எச்சிலோ தோலோ அல்லாமல் ரத்தத்தையே எடுத்துப் பார்ப்பதன் தேவை இங்கேதான் தெரிகிறது. எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல உயிரணு ஒன்றில் டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 போன்ற மரபணுக்களில் பிழை நேர்ந்து, அது தன் அக்கம்பக்கத்தை முந்திக்கொண்டு பெருகத் தொடங்கினால், ரத்தத்தின் ஒரு பகுதி அந்த ஒற்றை உயிரணுவின் வாரிசுகளால் நிரம்பிவிடுகிறது. 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இந்த நிலை இருப்பது 2014-இல் தெரிந்தது. ரத்தப் புற்றுநோயின் முன்படியாகவே முதலில் கருதப்பட்டது. பின்னர் 2017-இல், இவர்களுக்கு இதயத் தமனி நோயும் ஏறத்தாழ இரு மடங்கு என்று உறுதியானது. பிழை உள்ள மூல உயிரணுவிலிருந்து வரும் வெள்ளணுக்கள் தமனிப் படிவுகளுக்குள் புகுந்து அழற்சியைக் கூட்டுகின்றன என்பதை எலிகளில் செய்த சோதனைகள் காட்டின. இது பரம்பரையாக வந்ததன்று, பிள்ளைகளுக்குப் போகவும் போகாது. இதை மட்டும் குறிவைத்துத் தரும் வழக்கமான சிகிச்சை இன்னும் இல்லை.

எழுத்து மாறாமல் எழுத்தின்மேல் விழும் முத்திரைகளும் இருக்கின்றன. புகைபிடிப்பவரின் வெள்ளணுக்களில் ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவின்மேல் உள்ள மெத்தில் முத்திரைகள் (டி.என்.ஏ.வில் ஒட்டும் சிறு வேதித் துணுக்குகள்) குறைந்துபோகின்றன. புகையை விட்டபின் மெதுவாகத் திரும்புகின்றன. "நான் புகைப்பதில்லை" என்பதை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட ரத்தம் நேர்மையாகச் சொல்லும். மரபணுக்கள் அந்த நேரத்தில் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்பதை, அவற்றிலிருந்து நகலெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. மூலம் அளக்கும் பரிசோதனைகளும் வந்தன. 23 மரபணுக்களின் செயல்பாட்டைப் பார்த்துத் தமனி அடைப்பு இப்போது இருக்கிறதா என்று சொல்ல முயன்ற ஒன்று 2010 வாக்கில் பேசப்பட்டது. அது வருங்காலத்தைச் சொல்வதன்று, நிகழ்காலத்தைச் சொல்வது.

முடிவுத்தாளை எப்படிப் படிப்பது

நெஞ்சுவலியோடு வருபவருக்கு இந்தப் பரிசோதனைகளில் எதுவும் தேவையில்லை. அவருக்கு உடனே வேண்டியவை இ.சி.ஜி.யும், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவும். இடர் மதிப்பெண் குறைவு என்ற தாள் கையில் இருப்பதற்காக வலியை அலட்சியப்படுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

நேரடியாகப் பொதுமக்களுக்கு விற்கப்படும் சிப் பரிசோதனையில் பழுது எதுவும் இல்லை என்று வந்தால், குடும்பவழி மிகைக் கொழுப்பு நோய் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. அந்நோயை உண்டாக்கும் மாறுபாடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன; சிப்பில் இருப்பவை அவற்றில் சில மட்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் அந்த மரபணுக்களை எழுத்தெழுத்தாக முழுமையாகப் படிக்கும் பரிசோதனையைத்தான் கேட்க வேண்டும். அதிலும் கெடுதலா இல்லையா என்று இன்னும் தீர்மானமாகாத மாறுபாடு என்று ஒரு வரி வரக்கூடும். அந்த வரியை வைத்துக்கொண்டு மாத்திரையைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. கொழுப்பின் அளவும் குடும்ப வரலாறும்தான் அங்கே வழிகாட்டும்.

முடிவைத் தெரிந்துகொள்வது நடத்தையை மாற்றுகிறதா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 203 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், பாதிப் பேருக்கு வழக்கமான இடர் கணக்கு மட்டும் சொல்லப்பட்டது, மற்றவர்களுக்கு மரபணு மதிப்பெண்ணும் சேர்த்துச் சொல்லப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மரபணு மதிப்பெண்ணையும் அறிந்தவர்களின் சராசரி எல்.டி.எல். சுமார் 96, அறியாதவர்களுடையது சுமார் 106. உணவிலோ உடற்பயிற்சியிலோ அவர்களிடையே வேறுபாடு தெரியவில்லை. ஸ்டேட்டினைத் தொடங்கியவர்கள் முதல் குழுவில் அதிகமாக இருந்ததே காரணம். மதிப்பெண் அதிகமுள்ளவர்களுக்கு ஸ்டேட்டினால் கிடைக்கும் பயனும் கூடுதலாக இருப்பதாக, பழைய மருந்துச் சோதனைகளின் தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள் கண்டிருப்பதால், இந்த மாற்றம் வீண்போகவில்லை என்றே கொள்ளலாம்.

பிறப்பில் வந்த எழுத்துகள் மாறுவதில்லை என்பதால் ரத்தத்தை மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்படும் எடை, புதிய ஆய்வு வரும்போதெல்லாம் திருத்தப்படுகிறது. அதனால் இன்று 92-ஆவது இடத்தில் நிற்பவர் சில ஆண்டுகள் கழித்து அதே தரவிலிருந்து 80-ஆவது இடத்துக்கு நகரக்கூடும். எந்த மதிப்பெண் முறை, எந்த ஆண்டின் எடைகள், எந்த மக்கள் கூட்டத்தோடு ஒப்பிட்டது என்ற மூன்றும் தாளில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்கி, படித்த மூலத் தரவின் பிரதியையும் கிடைத்தால் பெற்று வைத்துக்கொண்டால், அடுத்த முறை ஊசி குத்தாமலேயே கணக்கைப் புதுப்பித்துக்கொள்ள முடியும்.